பின்பக்கம் பார்க்கும் இருக்கை

தலைவலி என்று சொன்னால் வயதைத்தான் சொல்வார்கள். இந்த வயதில் எல்லாவற்றுக்கும் வயதுதான் காரணம். தூக்கம் வராததற்கு, சட்டென்று கோபம் வருவதற்கு, கத்தரிக்கோலை எங்கே வைத்தேன் என்று மறந்துபோவதற்கு. சொல்ல வேண்டாம். வண்டி நிற்கட்டும். இறங்கி நாலு மூச்சு இழுத்தால் சரியாகிவிடும். போன ஞாயிறும் அப்படித்தான் சரியானது.

இப்படி நினைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தது ஒரு பழைய ஸ்டேஷன் வேகன் காரின் கடைசி இருக்கையில். மற்ற இருக்கைகள் எல்லாம் முன்னால் பார்க்க, இது மட்டும் பின்னால் பார்க்கும். சரக்கு வைக்கும் தளத்தில் ஒரு பலகையைத் தூக்கினால் குழி இருக்கும். அதற்குள் கால் வைத்து, பின்கதவைப் பார்த்தபடி இரண்டு பிள்ளைகள் உட்காரலாம். பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும். அந்த இருக்கையைப் புதிதாகத் தைத்தவள் அவள். எந்த ஸ்பிரிங் முனகுகிறது, எந்தத் தையல் இழுபடுகிறது என்று பார்க்க அவளே உட்கார்ந்து வந்தாள். பின்கண்ணாடி முழுவதும் கீழே இறங்கியிருந்தது. கடந்துபோன மரங்களும் சுவர்களும் அவளைவிட்டு ஓடிக்கொண்டிருந்தன.

முன்னால் மூன்று பேர் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஓட்டியவர் அவள் கணவர், நில அளவையாளர். எதையும் மூன்று முறை அளக்காமல் நம்பமாட்டார். பக்கத்தில் பல் டாக்டர். நடு இருக்கையில் பஸ் டிரைவர், விடுமுறை நாளில்கூட வளைவு வந்தால் கால் தானாக பிரேக்கை மிதிக்கும். மூன்று பேரிடமும் ஆளுக்கொரு பழைய வேகன் இருந்தது. ஒரு காலத்தில் காகிதக் கிடங்காக இருந்த நீளக் கொட்டகை ஒன்றைச் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, ஞாயிறு காலைகளை அங்கேதான் கழித்தார்கள். டாக்டரின் பச்சை வண்டி ஓடும், ஆனால் மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். டிரைவரின் வண்டி தார்ப்பாய்க்குள் நாலு வருடமாக என்ஜின் இல்லாமல் கிடந்தது. யாராவது கேட்டால் டாக்டர்தான் பதில் சொல்வார், என்ஜின் மேல்படிப்புக்குப் போயிருக்கிறது, முடித்ததும் வரும் என்று. முழுமையாகத் தேறியது அவள் கணவரின் சாம்பல் நிற வண்டி மட்டும்தான். நீளத்தைப் பார்த்து எல்லோரும் அதைக் கப்பல் என்றார்கள்.

அவள் சோபா, நாற்காலிகளுக்கு உறை தைக்கும் கடையில் வேலை செய்பவள். பதினோரு வருடங்களுக்கு முன் கணவர் கப்பலை வாங்கியபோது, கிழிந்த இருக்கைகளைப் பார்த்துவிட்டு, இதை மட்டும் நீ பண்ணிக்கொடு என்றார். இதை மட்டும் என்று தொடங்கியது கதவு விளிம்பு ரப்பர், மேற்கூரைத் துணி, தரை விரிப்பு என்று நீண்டுகொண்டே போனது. கொட்டகையில் அவளுக்கென்று ஒரு மேஜையும் வந்தது. ஆனாலும் வெளியாட்கள் வரும்போது கணவர் அவளை, சீட் வேலையெல்லாம் இவள்தான் என்றே அறிமுகப்படுத்துவார். அதில் தவறு ஒன்றும் இல்லை. அந்த ‘எல்லாம்’ என்ற சொல்லை அவர் நீட்டும் விதத்தில்தான் ஏதோ ஒன்று சுருங்கிப்போவதாக அவளுக்குத் தோன்றும்.

கொட்டகைக்கு ஒரு விதி உண்டு. மாட்டிய கைதான் கழற்ற வேண்டும். கழற்றிய கைதான் மாட்ட வேண்டும். முன்பொருமுறை டாக்டரின் வண்டியில் இரண்டு பேர் சேர்ந்து சக்கரத்தை மாற்றும்போது, நட்டுகளை இவர் முடுக்கியிருப்பார் என்று அவரும், அவர் முடுக்கியிருப்பார் என்று இவரும் நினைத்துவிட்டார்கள். பள்ளிக்கூட வாசல்வரை போனதும் சக்கரம் மட்டும் தனியாக முன்னால் உருண்டு கேட்டுக்குள் போய்விட்டது. யாருக்கும் அடியில்லை. அன்று சாயங்காலம் கணவர் சுவரில் கறுப்பு மையால் பெரிய எழுத்தில் அந்த விதியை எழுதினார். கூடவே இன்னொன்றும்: கழற்றிய எந்தப் பொருளும் ஒரு வருடம் ஆணியில் தொங்க வேண்டும், தேதியும் காரணமும் எழுதிய அட்டையோடு. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அட்டை எழுதும் வேலையும் அவளிடம் வந்தது.

கண்காட்சிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாம் ஊரைச் சுற்றி ஓட்டிப்போய் மைதானத்தில் நிறுத்தும் நாள். கப்பல் முதல்முறையாகப் போகிறது. ஒவ்வொரு வண்டியின் முன்னாலும் வைக்க அட்டை அச்சடித்துத் தருவார்கள். கப்பலின் அட்டையில், பின்பக்கம் பார்க்கும் இருக்கை என்று போட்டு, அதற்கு நேராக அவளுடைய பெயர். கணவர்தான் எழுதிக் கொடுத்திருந்தார். அச்சானதை அவளிடம் நீட்டிவிட்டு, கையைத் துடைக்கப் போய்விட்டார். அவள் அதை மேஜை இழுப்பறையில் வைத்திருந்தாள். நூல் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் பார்ப்பாள்.

அன்று வண்டி கொட்டகைக்குத் திரும்பியதும் அவள் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு இழுத்தாள். தலைவலி மெல்ல விலகியது. ஸ்பிரிங் ஒன்றும் முனகவில்லை என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு நாத்தனார் தன் மகளை அழைத்துவந்தாள். பாப்பாவுக்கு ஏழு வயது. கண்காட்சியில் அவளும் பக்கத்து வீட்டுச் சிறுமியும் கடைசி இருக்கையில் உட்கார்ந்து, திறந்த பின்கண்ணாடி வழியாகக் கையசைத்து வருவதாக ஏற்பாடு. அதற்கு ஒத்திகை. அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வந்தபோது, பாப்பா பேசாமல் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தாள். தூக்கி இறக்கியதும் வாந்தி எடுத்தாள். தலை வலிக்குது அத்தை என்றாள்.

நாத்தனார் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். “அண்ணி, இவ பஸ்ல எவ்வளவு தூரம் போனாலும் வாந்தி எடுத்ததே இல்ல. வேற எதுவும் இல்லையே?”

பின்னால் பார்த்து உட்கார்ந்தால் சிலருக்கு அப்படித்தான், பழகிவிடும் என்று அவள் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. அது அவளுடைய எண்ணமே இல்லை. வண்டியிலிருந்து இறங்கும்போது டாக்டர் சொன்ன வாக்கியம். அதை அப்படியே எடுத்து, தன் குரலில் வைத்துக் கொடுத்துவிட்டாள். நாத்தனார் சமாதானமாகிப் போனாள். அண்ணி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வாரம் முழுக்க அது அவளை விடவில்லை. தனக்கு வந்தது வயது, பாப்பாவுக்கு வந்தது பழக்கமின்மை. ஒரே இருக்கையில் ஒரே வலிக்கு இரண்டு காரணமா? தனக்கு வந்ததை முதலிலேயே சொல்லியிருந்தால் பாப்பாவை உட்கார வைத்திருக்கமாட்டார்கள். ஏன் சொல்லவில்லை? சிரிப்பார்கள் என்றா? அவர்கள் ஒன்றும் அவ்வளவு சிரித்துவிடுகிறவர்கள் இல்லை. தன் உடம்பு சொல்வதைத் தானே நம்பவில்லை என்பதுதான் உண்மை. மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் தானே தன்னை வயதானவள் என்று தள்ளிவைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை கடையில், மேஜை மின்விசிறிக்குப் பின்னால் வெட்டிப்போட்ட நூல் துணுக்குகள் கிடந்தன. விசிறி காற்றை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. துணுக்குகளோ பின்னாலிருந்து விசிறியை நோக்கி ஊர்ந்து போய் வலையில் ஒட்டிக்கொண்டன. தையலை நிறுத்திவிட்டு அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று முன்னால் போனால், போன இடத்தை நிரப்பப் பின்னாலிருந்து ஏதோ வந்தாக வேண்டும். ஓடும் வண்டியின் முதுகில் என்ன இருக்கிறது? திறந்த கண்ணாடி. அதற்கு நேர் கீழே புகைக்குழாய்.

புகைக்குழாய் முன்பு அங்கே இல்லை. பழையது பம்பரையும் தாண்டி ஒரு முழம் வெளியே நீண்டு, பக்கவாட்டில் திரும்பியிருந்தது. இரண்டு மாதம் முன்பு அதைப் பார்த்து, ஜலதோஷம் பிடித்தவர் மூக்கைத் திருப்பி வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னது அவள்தான். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டருக்கு அதைவிட வேறு அனுமதி தேவைப்படவில்லை. சொத்தைப் பல்லைப் பிடுங்குவதுபோல மகிழ்ச்சியாக அறுத்து எடுத்துவிட்டு, பளபளப்பான இரட்டைக் குழாய் வாங்கிவந்து மாட்டினார். அது பம்பருக்கு உள்ளேயே, ஒரு சாண் முன்னால் முடிந்துவிடும். பார்க்க மிக அழகு. அதற்குப் பிறகு கணவர் வாங்கிய நாளிலிருந்து வேலை செய்யாத பின்கண்ணாடி மோட்டாரைச் சரிசெய்தார். இரண்டும் தனித்தனியாக நல்ல வேலைகள். இரண்டையும் சேர்த்து யாரும் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் கணவரிடம் சாவி வாங்கிக்கொண்டு, பஸ் டிரைவரை ஓட்டச் சொன்னாள். பின்கதவின் சட்டத்தைச் சுற்றி, இருபத்திரண்டு இடத்தில் விரல் நீளச் சிவப்பு நூலை ஒட்டினாள். மறுபடியும் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தாள். வண்டி நின்றபோது நூல்கள் சும்மா தொங்கின. வேகம் பிடித்ததும் ஒவ்வொன்றாக எழுந்தன. வெளியே பறக்கவில்லை. எல்லாமே உள்ளே, அவள் முகத்தை நோக்கித் திரும்பி நின்றன. இருபத்திரண்டு விரல்கள் அவளைச் சுட்டிக்காட்டுவதுபோல இருந்தது. கண்ணாடியை ஏற்றச் சொன்னாள். மேலே இருந்தவை அடங்கிவிட்டன. கதவின் கீழ் விளிம்பில், பழைய ரப்பர் தேய்ந்த இடத்தில் இருந்த இரண்டு மட்டும் இன்னும் உள்ளேதான் வளைந்திருந்தன. அந்த ரப்பருக்கு ஆர்டர் கொடுத்து ஒரு மாதமாகிறது.

சிக்னலில் நின்றபோது, நூல்கள் திரும்பியதை உள் கண்ணாடியில் பார்த்தீர்களா என்று கேட்டாள். டிரைவர் முன்னால் கையைக் காட்டினார்.

“நான் ரோட்டைத்தான் பார்த்தேன் அண்ணி. அதான் என் வேலை.”

பிறகு அவராகவே, பஸ்ஸில் பின்கதவு உடைந்து ஓட்டிய நாட்களில் கடைசி வரிசைக்காரர்கள் மட்டும் எப்போதும் தூங்கி வழிவார்கள் என்றார். பாவம், வேலை செய்து களைத்தவர்கள் என்று அப்போது நினைத்தாராம். அதை ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் சொல்வீர்களா என்று அவள் கேட்கவில்லை. பச்சை விழுந்துவிட்டது.

அன்று வீட்டில் கணவரிடம் சொன்னாள். தலைவலியையும் சேர்த்து, அது முதலில் வந்த ஞாயிறிலிருந்து. அவர் கோபப்படவில்லை. அவர் அளந்து பார்ப்பவர். சனிக்கிழமை காலையே கொட்டகைக்கு வந்து அந்த இருக்கையில் தன்னை மடித்துத் திணித்துக்கொண்டார். அவள் ஓட்டினாள். பத்து நிமிடம் ஓடியதும் நிறுத்தச் சொல்லி இறங்கி, முதுகை நிமிர்த்தினார்.

“நூல் உள்ள வருது. சரி. காத்து அப்படித்தான் சுழலும். வர்றது காத்துதானே?”

“அந்தக் காத்து எங்கேருந்துங்க வருது?”

அவர் குனிந்து இரட்டைக் குழாயைப் பார்த்தார். அதற்குமேல் ஒரு சாண் உயரத்தில் இருந்த கதவு விளிம்பைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. இருபத்தாறு வருடமாகப் பார்க்கும் முகம். புரிந்ததை ஒரு நாள் தள்ளிவைக்க இடம் தேடுகிறார் என்பதும் தெரிந்தது. அடுத்த வாரம் நீளக் குழாய்க்குச் சொல்லிவிடலாம் என்றார். நாளைக்கு மட்டும், கண்ணாடியைப் பாதி இறக்கினால் போதும். மைதானத்துக்குள் நுழையும்போது போட்டோவுக்கு மட்டும் முழுக்க இறக்கலாம். பத்து நிமிடம்.

கொட்டகைக்குத் திரும்பி டாக்டரிடமும் பேசினார்கள். அவர் தன் குழாயைப் பற்றிய குறை என்பதால் முதலில் கொஞ்சம் வாடிப்போனார், பிறகு வழக்கம்போலத் தெளிந்தார். பின்கண்ணாடி திறந்தால்தான் கப்பலுக்கே அழகு, மூடிய வாயைப் பார்க்க யார் வருவார்கள் என்றார். பழைய குழாயையே திரும்ப மாட்டலாமே என்றாள் அவள். டாக்டர் சுவரைக் காட்டினார். ஆணியில் பழைய குழாய் தொங்கியது, மூன்று துண்டாக. இடம் அடைக்கிறது என்று அவர்தான் வெட்டினாராம். அதில் கட்டியிருந்த அட்டையில் அவளுடைய கையெழுத்து அழகாக இருந்தது. பழைய புகைக்குழாயின் வால். காரணம்: அழகுக்காக.

டாக்டர் கிளம்பும்போது, “அண்ணி, உங்க நாத்தனார் போன் பண்ணுவாங்க. உங்களைத்தான் நம்புறாங்க. பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க” என்றார்.

அவள் தலையாட்டினாளா இல்லையா என்று அவளுக்கே நினைவில்லை.

எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் கொட்டகையில் இருந்தாள். மேஜை இழுப்பறையைத் திறந்து தன் பெயர் போட்ட அட்டையைப் பார்த்தாள். தான் சரி என்று காட்டிக்கொள்வதற்காகத்தான் இவ்வளவும் செய்கிறோமோ என்று தன்னையே கேட்டாள். கொஞ்சம் அதுவும்தான். பதினோரு வருடத்தில் முதல்முறையாக, சீட்டைப் பற்றி இல்லாத ஒன்றை அவள் சொல்கிறாள். அது எடுபடவில்லை என்பது உறுத்துகிறது. ஆனால் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்த பாப்பா மிச்சமிருந்தாள். கணவர் சொன்ன பத்து நிமிடம் வெயிலில் எப்படி நீளும் என்பதும் அவளுக்குத் தெரியும். பின்னால் புழுங்கும். பிள்ளைகள் கண்ணாடியை இறக்கச் சொல்வார்கள். கையசைக்கும் பிள்ளைகளைப் பார்த்து ஜனங்களும் கையசைப்பார்கள். முன்னால் இருப்பவருக்குத் திரும்பிப் பார்க்க நேரமிருக்காது. பின்னால் பிள்ளைகள் அமைதியாக இருந்தால், சமர்த்தாக இருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்.

கடைசி இருக்கைக்கு நாலு போல்ட். பதினோரு வருடம் முன்பு பழைய இருக்கையைக் கழற்றியதும் அவள்தான், புதியதை மாட்டியதும் அவள்தான். ஸ்பேனரை எடுத்து நாலையும் கழற்றினாள். இருக்கை அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. மேஜைமேல் ஏற்றிவைத்து, போல்ட்டுகளைத் துணிப்பையில் போட்டு முடிந்து ஆணியில் மாட்டினாள். அட்டை எழுதினாள். கடைசி இருக்கை. தேதி. காரணம் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். புகை உள்ளே வருகிறது என்று எழுதினாள். அதைவிடச் சுருக்கமாக எதுவும் தோன்றவில்லை.

நாத்தனார் போன் செய்தபோது, போன வாரம் தான் சொன்னது தப்பு என்று சொன்னாள். எது எப்படி வருகிறது என்று விளக்கினாள். பாப்பா நாளைக்கு நடு இருக்கையில், முன்னால் பார்த்து, பக்கத்துக் கண்ணாடிகள் திறந்திருக்க உட்காரலாம், பின்கண்ணாடி ஏறியே இருக்க வேண்டும் என்றாள். நாத்தனார், அண்ணனுக்கு இது தெரியுமா என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றாள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு மூன்று பேரும் வந்தார்கள். கப்பலின் பின்கதவைத் திறந்ததும் குழி காலியாக இருந்தது. டாக்டர்தான் முதலில் பேசினார். பாதி சிரிப்பாகத்தான் ஆரம்பித்தார்.

“அண்ணி, நாலு போல்ட்டு. நானே ரெண்டு நிமிஷத்துல மாட்டிடுவேன். அண்ணன் சுவத்துல எழுதி வச்சிருக்கிறதுதான் கையைக் கட்டுது.”

“அழிச்சிட்டு மாட்டுங்க” என்றார் பஸ் டிரைவர், தார்ப்பாயைச் சரிசெய்துகொண்டே. அவர் யார் பக்கம் பேசுகிறார் என்பது யாருக்கும் புரியவில்லை. டாக்டர் கணவரைப் பார்த்தார். கணவர் சுவரைப் பார்த்தார். தன் கையெழுத்தை அவ்வளவு நேரம் அவர் படித்து அவள் பார்த்ததில்லை. பிறகு ஆணியில் தொங்கிய புதிய அட்டையைப் படித்தார். மற்ற இருவரிடமும் வண்டியைத் துடைக்கச் சொல்லி அனுப்பிவிட்டு அவளிடம் வந்தார். கையில் ஸ்பேனர் இருந்தது. அதை மேஜைமேல், அவள் பக்கம் கைப்பிடி வரும்படி வைத்தார்.

“பிள்ளைங்க வேண்டாம். நடுவுலயே உட்காரட்டும், ஒத்துக்கறேன்” என்றார். “சீட் மட்டும் இருக்கட்டும். அட்டையில போட்டிருக்கு. உன் பேரு போட்டிருக்கு. வந்து பார்க்கிறவங்க எங்கேன்னு கேப்பாங்க.”

அவர் அதைத் தந்திரமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்காகக் கேட்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது. சாம்பல் நிறத்துக்குப் பொருத்தமாக மூன்று கடை ஏறி இறங்கித் தேடிய கருநீல ரெக்சின், இரட்டைத் தையல், பிள்ளைகள் கால் படும் இடத்தில் மட்டும் தடித்த துணி. அவளுக்கும் அதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று இருந்தது. ஆனால் இருக்கை என்று ஒன்று இருந்தால் யாராவது ஒருவர் தன் பிள்ளையை அதில் தூக்கி உட்கார வைப்பார். போட்டோவுக்கு என்பார். ஒரு சுற்று மட்டும் என்பார். இவரால் இல்லை என்று சொல்ல முடியாது. அவளுக்கு இவரைத் தெரியும்.

வெளியே நாத்தனாரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. பாப்பா இறங்கி, கப்பலின் பக்கவாட்டில் தன் முகத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் அவளிடம் எந்தப் பல் ஆடுகிறது என்று விசாரித்தார்.

“மாட்டிடு. பத்து நிமிஷ வேலை” என்றார் கணவர்.

அவள் ஸ்பேனரை எடுத்தாள். சுவரில் அதன் உருவம் வரைந்திருந்த இடத்தில் கொண்டுபோய்த் தொங்கவிட்டாள். இழுப்பறையைத் திறந்து தன் பெயர் போட்ட அட்டையை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

“இதை முன்னாடி வச்சுக்கோங்க. சீட் எங்கேன்னு கேட்டா, அவ கழட்டி வச்சிருக்கான்னு சொல்லுங்க. ஏன்னு கேட்டா அதையும் சொல்லுங்க.”

“அப்ப மாட்ட மாட்டியா?”

“இல்லைங்க” என்றாள்.